கட் சொன்ன பிறகு உயர்ந்த கை

அத்தானின் வலது கையைத்தான் முதலில் சொல்ல வேண்டும். முகத்தைவிட அந்தக் கைதான் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நடுவிரல் பாதிக்கு மேல் கோணலாகத் திரும்பியிருக்கும். ஏதோ ஒரு படத்தில் போலிக் கண்ணாடி என்று நம்பிக் குத்தியது நிஜக் கண்ணாடியாகப் போய்விட்டது. சினிமாவில் அடிவாங்கிப் பிழைக்கிற எங்களிடையே ஒரு வழக்கம் உண்டு. மாடியிலிருந்து விழுந்தவனோ, மேசையோடு சேர்ந்து நொறுங்கியவனோ, இயக்குநர் ‘கட்’ சொன்னதும் கிடந்த கிடையிலேயே ஒரு கையைத் தூக்குவான். எனக்கொன்றுமில்லை என்று அர்த்தம். அந்தக் கை உயரும்வரை செட்டில் ஒருத்தரும் மூச்சுவிட மாட்டார்கள். உயர்ந்துவிட்டால் கைதட்டல், ஒரு சாயா, அடுத்த ஷாட். அத்தானின் கை ‘கட்’ என்ற சொல் முடிவதற்குள் மேலே போய்விடும். எலும்பு நழுவியிருந்தாலும் போகும்.

அத்தான் என் அக்காவின் கணவர். நகரசபைத் துப்புரவு வேலைக்காகத் திருநெல்வேலியிலிருந்து மட்டாஞ்சேரிக்கு வந்து தங்கிவிட்ட ஒருவரின் மகன். இருபது வருடத்துக்கு மேல் மலையாளப் படங்களில் ஃபைட்டராக இருந்தார். வில்லனுக்குப் பின்னால் நிற்கிற நாலு பேரில் ஒருவர். குத்துப்பட்டுச் செத்திருக்கிறார், வெட்டுப்பட்டுச் செத்திருக்கிறார், கொதிக்கும் எண்ணெயில் விழுந்தும் செத்திருக்கிறார். வாயைத் திறந்தால் பாண்டி வாடை, அதாவது தமிழன் வாடை, அடிக்கும் என்று வசனம் மட்டும் தரமாட்டார்கள். இத்தனை வருடத்தில் அவருக்குக் கிடைத்த வசனம் ஒரே ஒரு ‘எடா’. அதையும் டப்பிங்கில் வேறொருவன் பேசினான். எரிச்சல் வராதா? எனக்கு வந்தது. அவர் சிரித்துக்கொண்டே உதட்டோரம் ஒட்டிய ரத்தத்தை நக்குவார். சினிமா ரத்தம் சர்க்கரைப் பாகு. துடைக்காமல் விட்டால் எறும்பு மொய்க்கும். எங்கள் குத்தும் அப்படித்தான், பொய். முகத்துக்கு நாலு விரல் முன்னாலேயே நின்றுவிட வேண்டும். அடிவாங்குகிறவன் கழுத்தைத் திருப்பித்தான் அதை அடியாக்குவான். இதையே வருடக்கணக்காகச் செய்து செய்து என் கைக்கும் நாலு விரல் கணக்கு ஊறிப்போயிருந்தது.

ஒருமுறை அமெரிக்கப் படக் கம்பெனி ஒன்று எங்கள் பஜாருக்கு வந்தது. மிளகுக் கிடங்கில் சண்டை. நாயகன் நரைத்த தாடிக்காரன். சொந்த ஊரில் போர் வேண்டாமென்றும், கூலிக்காரர்களுக்கு நியாயம் வேண்டுமென்றும் தெருவில் உட்கார்ந்து, போலீஸிடம் அடிவாங்கி, சிறைக்கும் போனவன் என்று யூனிட்டில் பேசிக்கொண்டார்கள். அதனால் பாதிப் படங்கள் கைநழுவிப் போனதாம். அவன் அத்தானைப் பரணிலிருந்து கீழே தள்ள வேண்டும். காமிரா தயார், விளக்கு தயார், அத்தானும் தயார். ஆம்புலன்ஸ் மட்டும் தோப்பும்படிப் பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்டது. அந்த மனிதன் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டான். வண்டி வாசலுக்கு வந்து நின்றால்தான் இவர் மேல் கை வைப்பேன் என்றான். ஒரு மணி நேரம் மொத்த யூனிட்டும் வெயிலில் காய்ந்தது. அன்று வீட்டுக்கு வந்த அத்தான் செருப்பைக்கூடக் கழற்றாமல், “எனக்காக ஒருத்தன் வேலைய நிறுத்திட்டு உக்காந்துட்டாம்ட்டீ. எனக்காக!” என்று அக்காவிடம் சொன்னார்.

அதற்குப் பிறகு எந்த செட்டுக்குப் போனாலும் அவருடைய முதல் கேள்வி, “ஆம்புலன்ஸ் எவிடே சாரே?” என்பதுதான். ‘ஆம்புலன்ஸ் பாண்டி’ என்று பெயர் வைத்தார்கள். கூப்பிடுவதைக் குறைத்தார்கள். “பெரிய அமெரிக்கா ஹீரோன்னு நெனப்பா அத்தான் உங்களுக்கு? பேசாம விழுந்து எந்திச்சு வாங்களேன்” என்று நான்கூடக் கத்தியிருக்கிறேன். “விழ எனக்குத் தெரியும் மாப்ளே. விழுந்தவனத் தூக்கத்தான் இங்க ஒருத்தனுக்கும் தெரியல” என்றார். சொன்னபடியே நடந்தது. ஒரு படத்தில், அதே பஜாரின் இன்னொரு கிடங்கில், எங்கள் ஆள் ஒருவன் பரணிலிருந்து விழுந்தான். கீழே அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகள் சரிந்து, முதுகு சிமெண்டுத் தரையில் அடித்தது. அவன் கை உயரவில்லை. தயாரிப்பு மேலாளர் அவனை ஆட்டோவில் மடக்கித் திணித்து அனுப்பினார். அவனுக்கு இடுப்புக்குக் கீழே இன்றுவரை உணர்ச்சியில்லை.

அடுத்த வாரம் அதே கிடங்கில் மீதிச் சண்டையை எடுக்க நாள் குறித்தார்கள். அத்தான் வாசலில் உட்கார்ந்துவிட்டார். கூட நாங்கள் பன்னிரண்டு பேர். மேலாளர் வந்து கெஞ்சினார், பிறகு மிரட்டினார். “ஒரு ஆம்புலன்ஸ் மதி சாரே, அது போதும். வேறொந்நும் வேண்டா” என்றார் அத்தான். எந்த டப்பிங்கும் இல்லாமல், அவருடைய சொந்தக் குரலில், சொந்தப் பாண்டி வாடையோடு.

மத்தியான நேரம் ஒரு டெம்போவில் மேலாளர் ஏவிய ஆட்கள் வந்து இறங்கினார்கள். இரும்புக் கம்பி, மூட்டை இழுக்கும் கொக்கி, பிளந்த விறகு. ஊரே பார்க்க அடித்தார்கள். நிஜ அடியில் சத்தமே வராது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஈரச் சாக்கைத் தரையில் போட்டதுபோல் ஒரு தொப் மட்டும்தான். ஒருவனின் முழங்கால் பின்பக்கமாக மடங்கியது. இன்னொருவனின் தோளில் கொக்கி இறங்கிச் சதையோடு வந்தது. எனக்கு ஒரு வாய்ப்பு கிடைத்தது. ஒருவனின் தாடை என் முன்னால் திறந்தே கிடந்தது. முழுப் பலத்தோடு குத்தினேன். பாழாய்ப்போன கை நாலு விரல் முன்னாலேயே நின்றுவிட்டது! அவன் சிரித்துவிட்டு என் வாயில் குத்தினான். இரண்டு பல் தொண்டைக்குள் போனது. நாங்கள் பன்னிரண்டு பேரும் சண்டைக்காரர்கள். எங்களில் ஒருத்தனுக்கும் அடிக்கத் தெரியவில்லை.

அப்போதுதான் அத்தானின் காதுக்குப் பின்னால் கம்பி விழுந்ததைப் பார்த்தேன். முகம் குப்புற விழுந்தார். நான் பத்தடி தள்ளி நின்றேன். அவருடைய கை உயர்ந்தது. அந்தக் கோணல் விரல், வெயிலில், நேராக மேலே. அப்பாடா என்றிருந்தது எனக்கு. சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். முழங்கால் உடைந்தவன் அலறிக்கொண்டிருந்தான். அவனை இழுக்க ஓடினேன். அத்தானைத் தாண்டிக்கொண்டுதான் ஓடினேன். அவர் உடம்புக்கு மேலாகக் காலைத் தூக்கிப் போட்டுத் தாண்டி. அடித்தவர்கள் டெம்போ ஏறிப் போன பிறகு, சிதறி ஓடாமல் மிஞ்சிய நாங்கள் சிலர் மூன்று பேரை ஆட்டோக்களில் ஏற்றி, ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுத் திரும்பினோம். அரை மணி நேரமாவது ஆகியிருக்கும். அத்தான் அதே இடத்தில் கிடந்தார். கை இறங்கியிருந்தது. காதிலிருந்து ரத்தம் வழிந்து கீழே கிடந்த சாக்கு நனைந்திருந்தது. அதில் ஒரு எறும்புகூட இல்லை. அவரையும் ஆட்டோவில்தான் கொண்டுபோனோம், தலை என் மடியில் ஆட ஆட. மறுநாள் காலை போய்விட்டார்.

அக்கா கேட்டாள், “நீ பக்கத்துலதானடா நின்ன?” கூட்டத்தில் கவனிக்கவில்லை என்று சொன்னேன். ஒன்பது வருடம் அந்தப் பொய்யோடு அவள் கையால் சோறு தின்றேன்.

இப்போது சண்டை எடுக்கிற செட்டிலெல்லாம் வாசலில் ஆம்புலன்ஸ் நிற்கிறது. அத்தானின் சாவுக்குப் பிறகு எங்கள் சண்டைக்காரர் சங்கம் பிடிவாதமாக நின்று வாங்கியது. டிரைவர் போனில் சினிமா பார்த்துக்கொண்டிருப்பான். அதைப் பார்க்கும்போது எனக்குச் சந்தோஷமாகவும் இருக்கும், நாலு அறை விடலாம் போலவும் இருக்கும். விழுந்தவன் கையைத் தூக்கினால் எல்லாரும் கைதட்டுகிறார்கள். நான் மட்டும் ஓடிப்போய்க் குனிந்து பெயர் கேட்பேன், ஊர் கேட்பேன். “டாக்டர் வந்நு, டாக்டர் வந்நு” என்று கேலி செய்கிறார்கள். செய்யட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். டிவியில் அந்த அமெரிக்கப் படம். நரைத்தாடி தள்ள, அத்தான் பரணிலிருந்து விழுகிறார். தரையில் பட்டதும் காட்சி மாறிவிட்டது.

“இதுல கையத் தூக்குனாராடா?” என்று கேட்டாள் அக்கா.

“தூக்குனாரு.” அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் நிற்கவில்லை. “அன்னைக்கும் தூக்குனாருக்கா. நான் பாத்தேன். ஒண்ணுமில்லன்னு நெனச்சுத் தாண்டிப் போயிட்டேன்.”

அக்கா அறைந்தாள். அவள் கைக்கு நாலு விரல் கணக்கு தெரியாது. கழுத்து பழக்கத்தில் திரும்ப முயன்றது, திருப்பாமல் பிடித்துக்கொண்டேன். இரண்டாவது அறை பழைய பல் குழியில் இறங்கி வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. மூன்றாவதில் நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் விழுந்தேன். கண் இருட்டியது. நான் நினைக்கவேயில்லை, என் வலது கை தானாக மேலே போனது.

அக்கா அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இழுத்தாள். “தூக்காத. எங்கிட்ட தூக்காதடா. வலிச்சா வலிக்குன்னு சொல்லு.”

“வலிக்குக்கா” என்றேன்.