மர்பி டவுனிலிருந்து கெங்கேரிக்கு, பூனையோடு 21 கிலோமீட்டர்

பெங்களூருக்குள்ளேயே ஆட்டோவில் போனதெல்லாம் ஒரு பயணமா என்று கேட்பீர்கள். பூனையோடு போய்ப் பாருங்கள், தெரியும். பூனையை வீடு மாற்றுவது எப்படி என்று இரண்டு நண்பர்கள் கேட்டதால் எழுதுகிறேன். நடந்தது 2007 பிப்ரவரியில், ஒரு சனிக்கிழமை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பூனை பிடிக்காது. பூனையைக் கண்டதும் குழைகிறவர்களுக்கு வேறு வேலை இல்லை என்பதுதான் அதுவரை என் கட்சி. கல்யாணத்துக்கு முன்பு நான்கு வருஷம் மர்பி டவுனில் மாடி அறையில் குடியிருந்தேன். கீழ்வீட்டில் குமார் அண்ணனும் அமுதா அக்காவும். அண்ணன் அல்சூரில் ஆட்டோக்களுக்கு ரெக்சின் சீட்டும் டாப்பும் தைப்பவர். அவர்கள் பூனையின் பெயர் சுக்கு. அந்த நிறம்தான். அண்ணன் வாயில் அதற்கு எப்போதும் 'சனியன்' என்றுதான் பெயர். திட்டிக்கொண்டே தட்டில் இருக்கும் மீனை அதற்குப் பிய்த்துப் போடுவார்.

அந்த வருஷம் அக்காவுக்கு வீசிங் அதிகமாகிவிட்டது. வீட்டில் பூனை கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தெருவில் விட்டால் நாய்கள் விடாது. விஷயம் என் மனைவி தேன்மொழி காதுக்கு எட்டியது. அவ்வளவுதான், சுக்கு இனி கெங்கேரியில் எங்கள் வீட்டில் என்று என்னைக் கேட்காமலே முடிவாகிவிட்டது.

காலை 9.10க்குப் போய் நின்றேன். ரெக்சினில் புதிதாக ஒரு பை தைத்து, பூனையை உள்ளே விட்டு, ஜிப்பையும் இழுத்து வைத்திருந்தார் அண்ணன். அக்கா வாசலில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். அழுகையா வீசிங்கா என்று தெரியவில்லை.

"தம்பி, வழிய மட்டும் அது பாக்கக் கூடாது. பாத்துச்சுன்னா திரும்பி வந்துடும்," என்றார் அண்ணன், அக்காவுக்கும் கேட்கும்படி.

வழியில் பைபாஸ் லாரிகளும் ரயில் பாதையும் இருக்கின்றன. திரும்பி வரக் கிளம்பினால் அது உயிரோடு வந்து சேராது. அவரே பையைத் தூக்கி ஆட்டோவின் இடது ஓரத்தில் வைத்தார். திருப்பினால் வாந்தி எடுக்கும், இப்படியே பிடித்துக்கொள் என்றார். சரி என்று பிடித்துக்கொண்டேன்.

பையில் என்ன என்று டிரைவர் கேட்டார். சொன்னேன். இறக்கிவிடப் போகிறார் என்று நினைத்தால், பூனை குறுக்கே போனால்தான் சகுனத் தடை, கூடவே வந்தால் ஒன்றுமில்லை சார் என்று மீட்டரைப் போட்டார். நல்ல மனுஷன்.

எம்.ஜி. ரோடு சிக்னலில்தான் ஆரம்பித்தது. பக்கத்தில் ஸ்கூட்டரில் இருந்த பெண் என் பக்கம் பார்த்துச் சிரித்தாள். பின்னால் இருந்தவளிடம், "எஷ்டு முத்தாகிதெ," என்றாள். எவ்வளவு அழகு என்று அர்த்தம். அவ்வளவு கன்னடம் எனக்குத் தெரியும். உள்ளதைச் சொன்னால் என்ன, தலைமுடியைக் கொஞ்சம் சரிசெய்துகொண்டேன்.

கார்ப்பரேஷன் சிக்னலில் பஸ் ஜன்னலோரப் பாட்டி ஒருவர் கையாட்டினார். டவுன் ஹால் அருகே சிக்னல் கோட்டைத் தாண்டி நின்ற எங்களை நோக்கி டிராபிக் போலீஸ்காரர் விறைப்பாக வந்தார். கிட்டே வந்ததும் முகம் அப்படியே இளகிவிட்டது. ஒன்றும் கேட்காமல் போகச் சொல்லிக் கை காட்டினார். மைசூர் ரோடு முழுக்க இதே கதை. சட்டைப் பொத்தான் ஏதும் மாற்றிப் போட்டிருக்கிறேனா என்று இரண்டு தரம் பார்த்துக்கொண்டேன். நாயண்டஹள்ளி நெரிசலில் இருபது நிமிஷம் போனது. ஹார்ன் அடித்தே பழகிய ஊரில் அன்று எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

10.35க்குக் கெங்கேரி. மீட்டர் 126 ரூபாய், மேலே இருபது கேட்டார், கொடுத்தேன்.

கதவைத் திறந்த தேன்மொழி பையைப் பார்த்தாள். "ஜன்னல் வச்ச பை எங்க வாங்கினீங்க?"

திருப்பிப் பார்த்தேன். எனக்குத் தெரியாத அந்தப் பக்கத்தில், ஆட்டோ டாப்பின் பின்னால் வைக்கிற கண்ணாடி பிளாஸ்டிக்கில், ஒரு சாண் அகலத்துக்கு ஜன்னல். அதில் முகத்தை ஒட்டிக்கொண்டு சுக்கு. வட்டக் கண், பொடி மூக்கு, உலகமே தனக்குக் கடன்பட்ட மாதிரி ஒரு பார்வை. வாலாட்டவில்லை, பல்லிளிக்கவில்லை, சும்மா பார்த்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. போலீஸ்காரரை என்ன சொல்ல!

காற்றுக்காக வைத்தார் போல என்று நினைத்தேன். ஆனால் காற்றுக்கு மேல்பக்கத்தில் வளையம் அடித்த எட்டு ஓட்டைகள் தனியாக இருந்தன. ஜன்னல் பார்ப்பதற்கு மட்டும்தான். கோபத்தோடுதான் போன் செய்தேன்.

"ஜன்னல் வழியா பாத்துச்சா தம்பி?" என்றார் அண்ணன், நான் வாயைத் திறப்பதற்குள்.

"பாத்துச்சு அண்ணே."

"நல்லா பாத்துச்சா?"

"வழி முழுக்கப் பாத்துச்சு அண்ணே," என்றேன்.

பூனையோடு கிளம்புகிறவர்களுக்கு: முந்தின இரவுக்குப் பிறகு சாப்பாடு வேண்டாம். பைக்குள் அதன் பழைய துணி ஒன்றைப் போடுங்கள். புது வீட்டில் பதினைந்து நாள் கதவு ஜன்னல் மூடியே இருக்கட்டும். நாங்கள் அப்படித்தான் செய்தோம், சுக்கு எங்கேயும் போகவில்லை. இப்போது என் லேப்டாப் மேல்தான் தூக்கம். நான் எழுப்புவதில்லை, என் கட்சி என்றோ கலைந்துவிட்டது.

பஸ்ஸில் வர நினைப்பவர்கள் அல்சூரிலிருந்து மார்க்கெட் வந்து, அங்கே கெங்கேரி பஸ் பிடிக்க வேண்டும். ஞாயிறு காலையென்றால் ஒன்றே முக்கால் மணி நேரம். தகவல் குமார் அண்ணன் தந்தது. மாதத்தில் இரண்டு ஞாயிறு, இந்தப் பக்கம் ஏதோ சீட் வேலை என்று சொல்லிக்கொண்டு அப்படித்தான் வருகிறார். மடியில் சனியனை வைத்துத் திட்டிக்கொண்டே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். கிளம்பும் முன் எங்கள் வீட்டிலேயே தலைக்குக் குளித்து, கொண்டுவந்த மாற்றுச் சட்டையைப் போட்டுக்கொள்வார். ஒரு முடிகூட அக்காவிடம் போய்விடக் கூடாதாம்.