தொகியே எழுதிக் கொடுத்த தாள்

நகராட்சி அதிகாரி பத்து மணிக்கு வருகிறார் என்று சொல்லியிருந்தார்கள். தொகியே விடிந்தும் விடியாததுமாக விளக்குமாறும் கையுமாக நின்றுவிட்டாள். ராத்திரி ஈரமான படுக்கையைச் சுருட்டிப் பின்பக்கம் ஒளித்தாள். புருஷன் எய்கிச்சிக்கு முகம் மழித்து, நகம் வெட்டி, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிவிட்டாள். எழுபத்து மூன்று வயதில் அத்தனையும் செய்து முடித்தபோது வலது விலாவுக்குக் கீழே சுரீரென்று பிடித்தது. அடுப்படியிலேயே கொஞ்ச நேரம் குந்தியிருந்தாள்.

பைத்தியக்காரத்தனம் என்றால் இதுதான். வருகிறவர் பார்க்க வேண்டியதே அந்த ஈரப் படுக்கையைத்தான். ஆனால் வீட்டுக்கு ஆள் வருகிறார் என்று தெரிந்துவிட்டால் எங்கள் நிகட்டா ஊர்ப் பெண்களுக்கு வேறு எதுவும் தோன்றாது. உயிர் போனாலும் வாசல் துடைத்திருக்க வேண்டும்.

நிஜமாகவே உயிர் போகிற விஷயம்தான் அது. அவள் பித்தப்பை முழுக்கக் கல். எடுத்தே ஆக வேண்டும், பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தப் பத்து நாளும் மறதி நோய்க்காரரான எய்கிச்சியை யார் பார்ப்பது? பிள்ளை குட்டி கிடையாது. அரசாங்கத்தின் முதியோர் பராமரிப்பு இன்ஷூரன்ஸ் இருக்கிறது. அது தொடங்கிய வருஷத்திலிருந்து இருவரும் ஒழுங்காகக் கட்டி வந்தவர்கள். அந்த இன்ஷூரன்ஸில் ஆளை முதியோர் இல்லத்தில் சில நாள் தங்கவைக்கலாம். எத்தனை நாள் என்பது நகராட்சி அவரை எந்தப் படியில் வைக்கிறது என்பதைப் பொறுத்தது. மொத்தம் ஏழு படி; படி ஏற ஏற நாளும் கூடும். வீட்டுக்கு வந்து ஆளைப் பார்த்துத்தான் படி போடுவார்கள்.

வந்தது குவபரா என்ற இளம்பெண். கழுத்தில் அடையாள அட்டை. எய்கிச்சி நாற்பது வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். அட்டையைப் பார்த்த மாத்திரத்தில் முதுகு நிமிர்ந்துவிட்டது.

"இப்ப என்ன காலம் ஐயா?"

"இலை சிவக்கிற காலம். இலை பார்க்க வர்ற கூட்டம் ஜாஸ்தியா இருக்கும். ஒரு பெட்டி சேர்த்து ஓட்டணும்."

வேடிக்கையாகப் பேசுகிறார் என்று குவபரா சிரித்தாள். பேனா, கடிகாரம், சாவி என்று காட்டி ஒன்றை மறைத்தாள். மறைத்தது எது என்று மனுஷன் டக்கென்று சொன்னார். முந்தின நாள் தன் செருப்பையே யாருடையது என்று கேட்டவர்.

"வெளிய போய் வழி தெரியாம நின்னுடறதுண்டாம்மா?"

தொகியே எதிரே உட்கார்ந்திருந்த புருஷனைப் பார்த்தாள். ஊரான் முன்னால் அவர் மானத்தை எப்படி வாங்குவது? "எப்பவாவது" என்றாள்.

"கழிப்பறைக்கு?"

"அவரே போயிடுவாரு."

ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. ஏழு படியில் ஆகக் கீழே இருக்கிற முதல் படி. மாதத்துக்கு மூன்று நாள் தங்கவைக்கக் கிடைத்தாலே பெரிய விஷயம்.

மாமியாரைப் பத்து வருஷம் பார்த்த பக்கத்து வீட்டு மிட்சுயோ பொரிந்து தள்ளினாள். "ஏன்க்கா, அதிகாரி வந்தா பொண்ணு பார்க்க வந்த மாதிரி சிங்காரிச்சு உக்கார வைப்பியா? உனக்கு மூளை எங்க போச்சு?"

"அவரு கேட்டுட்டு இருக்கும்போது எப்படிடீ சொல்றது?"

"வாயால சொல்ல முடியலன்னா எழுதிக் குடு. நான் அப்படித்தான் குடுத்தேன். வாசல்லயே கையில திணிச்சிடு. படியை மாத்தச் சொல்லி மறுபடி மனு போடு."

மனு போட்டுவிட்டுக் காத்திருந்த வாரத்தில் தொகியே அடுப்படியில் சுருண்டு விழுந்தாள். எழுந்திருக்க முடியவில்லை. எய்கிச்சி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "சோறு எப்ப?" என்று கேட்டார். மறுபடி மறுபடி அதையேதான் கேட்டார். மறுநாள் டாக்டர் அவள் கண்ணின் மஞ்சளைப் பார்த்துவிட்டு, இனித் தள்ளிப்போட்டால் பொறுப்பேற்க மாட்டேன் என்றார்.

அன்றைக்கே எழுதினாள். பூட்டை உடைத்துக்கொண்டு ரயில்வே கேட்டில் போய் நின்றது, அடுப்பை எரியவிட்டது, குளிக்கக் கூப்பிட்டால் குடையால் அடித்தது, எதையும் விடவில்லை. எழுத எழுதக் கை நிற்கவில்லை. கடைசியில், இவர் செத்துப்போனால் நல்லது என்று சில நாள் நினைக்கிறேன், என்னை மன்னியுங்கள் என்றும் எழுதிவிட்டாள்.

இரண்டாம் முறை குவபரா வந்தபோது தொகியே வீட்டைக் கூட்டவில்லை. எய்கிச்சியின் காற்சட்டை ஈரமாக இருந்தது, அதையும் மாற்றவில்லை. மாற்றாமல் இருக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். வாசலிலேயே தாளை நீட்டினாள். குவபராவின் கை எட்டுவதற்குள் பின்னாலிருந்து எய்கிச்சியின் கை வந்தது. யார் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் வாங்கிப் பார்க்கிற தொழில்புத்தி. வாங்கியதோடு விடவில்லை, உரக்கப் படிக்க ஆரம்பித்தார்.

"குடுங்க. அது உங்களுக்கு இல்லீங்க" என்று தொகியே இழுத்தாள். அவர் விடவில்லை. ரயிலில் அறிவிப்புச் செய்கிற அதே நிதானமான குரல். ரயில்வே கேட், அடுப்பு, குடை. யாரோ ஒருவரைப் பற்றிப் படிப்பதுபோல் படித்துக்கொண்டே போனார். கடைசி வரிக்கு வந்ததும் நின்றார். அதை மட்டும் வாய்க்குள் படித்தார்.

"இது உன் கையெழுத்து."

"ஆமாங்க." அவளுக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

அவர் தாளைக் குவபராவிடம் கொடுத்துவிட்டு, அன்று கேட்ட எதற்கும் வாய் திறக்கவில்லை.

ஐந்தாம் படி கிடைத்தது. பத்து நாளுக்கு இடமும் கிடைத்தது. மிட்சுயோ மீன் வாங்கி வந்து கொடுத்துவிட்டுப் போனாள். தாளைப் பற்றி எய்கிச்சி அதற்கப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பிட்டதையே மறக்கிறவருக்கு அதுவா நினைவிருக்கும் என்று தொகியே தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய நாளன்று காலையில் முதியோர் இல்லத்து வேன் வந்தது. ஏற மாட்டேன் என்று ரகளை செய்வார், குடையை எடுப்பார் என்று பயந்துகொண்டிருந்தாள். அவரோ தானாகவே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். அந்த வருஷத்தில் அவர் இவ்வளவு சாதுவாக இருந்தது கிடையாது.

"எங்க போறோம்னு தெரியுதாங்க?"

"தெரியும். நீ எழுதியிருந்தியே." அவள் தோளை லேசாகத் தட்டினார். "போறேன். நான் போயிட்டா உனக்கு நல்லது."

"ஐயோ, அது இல்லீங்க. பத்து நாள்தான். பத்தே நாள்ல வந்து கூட்டிட்டு வந்துடுவேன்."

"சரி, சரி" என்று சமாதானப்படுத்துவதுபோல் தலையாட்டினார். வேனில் ஏறி உட்கார்ந்து, வழியனுப்ப வந்தவளுக்குக் குனிந்து வணக்கம் சொன்னார். டிரைவர் கதவைச் சாத்தினான். தொகியே கண்ணாடியைத் தட்டித் தட்டிப் பத்து விரலையும் விரித்துக் காட்டினாள். அவர் அதைப் பார்த்துக் கையசைத்தார்.