தொட்டவர் பெயரில் எரர்

1. பிரேக் டிரம் இல்லை

ஓசூரில் பிரேக் டிரம் செய்யும் தொழிற்சாலையில் குவாலிட்டி இன்ஸ்பெக்‌ஷன் பார்த்துக்கொண்டிருந்த நான், அமெரிக்க பேஸ்பால் ஆட்டங்களுக்குப் புள்ளிவிவரம் எழுதும் அலுவலகத்தில் சேர்ந்தேன். பேஸ்பால் தெரியுமா என்று நேர்முகத்தில் யாரும் கேட்கவில்லை. எக்செல் தெரியுமா என்று கேட்டார்கள்.

அங்கே இரவு ஆட்டம் நடக்கும்போது இங்கே விடிந்துகொண்டிருக்கும். சிப்காட் பஸ்கள் ஆளேற்றும் நேரத்தில் நாங்கள் வீடியோவைப் பார்த்து ஒவ்வொரு பந்தையும் பதிவு செய்வோம். அடித்தவர் ஓடித் தப்பித்தால், காரணம் அவர் அடித்த அடியா, பந்தைப் பிடிக்க வேண்டியவரின் தவறா என்று முடிவு செய்ய வேண்டும். அடி என்றால் ‘ஹிட்’. தவறு என்றால் கோட்டைவிட்டவர் பெயரில் ‘எரர்’.

முதல் நாள் தடுமாறிய எல்லோருக்கும் எரர் போட்டேன். தொழிற்சாலைப் பழக்கம்; அளவு கொஞ்சம் விலகினாலும் ரிஜெக்ட். மேனேஜர் நாகராஜ் என் திரையைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“ஏம்மா, இது பிரேக் டிரம் இல்ல, மனுசன். சாதாரணமா எவனும் புடிச்சிருப்பான்ற பந்த வுட்டாத்தான் எரர். பாஞ்சு வுழுந்து வுட்டதுக்கெல்லாம் போட்டா டீமே காலியாயிரும்.”

2. அசையாதவர்

ஒரு ஆட்டத்தில் ஒருவர் ஓடி வந்து கையுறையை நீட்டினார். பந்து அதில் பட்டுக் கீழே விழுந்தது. எரர். இன்னொருவர் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. பந்து அவர் எதிரே விழுந்தது. ஹிட். பக்கத்து நாற்காலி நஸ்ரின் இதைக் கேட்டே விட்டாள்.

“வேடிக்க பாத்தவன் சுத்தம், ஓடி வந்தவனுக்கு எரரா சார்?”

எரர் போட பந்தைத் தொட்டே இருக்க வேண்டும் என்று விதி சொல்லவில்லை, ஆனால் தொட்டால்தான் எழுதுவது வழக்கம் என்றார் நாகராஜ். “தொடலன்னா அவந்தான் வுட்டான்னு எப்படிம்மா காட்டுவ?”

3. ரிவ்யூ பட்டன்

சந்தேகமான பந்து வந்தால் எங்கள் மென்பொருளில் ‘ரிவ்யூ’ என்று ஒரு பட்டன் உண்டு. அழுத்தினால் முடிவு வேறொருவர் தலைக்குப் போகும். எங்களோடு சேர்ந்த சுரேஷ் அதைத் தவறாமல் அழுத்துவார். அவர் தள்ளியதையெல்லாம் எடுத்து முடிவு செய்தவள் நஸ்ரின். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். தவறியவற்றை கிளையண்ட் திருத்தும்போது திருத்தம் அவள் பெயரில் விழும்.

புரொபேஷன் முடியும் நேரத்தில், யார் பெயரில் எத்தனை திருத்தம் என்று ஷீட் தயாரிக்கும் வேலை எனக்கு வந்தது. நஸ்ரின் முதலிடம். சுரேஷ் பூஜ்யம். ஒருவரை நிறுத்தப்போகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். நிறுத்தினால் அவளுக்கு குந்தாரப்பள்ளிச் சந்தையில் அவள் அத்தாவின் பாத்திரக் கடைதான். “அங்க ரிவ்யூ பட்டன் கெடையாதுடி. கஸ்டமரு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுப் போயிருவாங்க” என்று சிரித்தாள். அன்று அவள் டீயைக் குடிக்கவில்லை.

பேஸ்பால் பதிவில் எரரை மட்டும் பார்த்து யாரையும் எடைபோட மாட்டார்கள். எத்தனை சான்ஸ் வந்தது, அதில் எத்தனை எரர் என்று பார்ப்பார்கள். எங்கள் ஷீட்டிலும் ‘சான்ஸ்’ என்று ஒரு பத்தி சேர்த்தேன்: எடுத்து முடிவு செய்த சந்தேகப் பந்துகள்.

நாகராஜ் திரையில் அந்தப் பத்தி மேல் விரலை ஓட்டினார். “சுரேஷுக்கு ஏன் சான்ஸும் பூஜ்யமா இருக்குது?”

“அவரு எதையும் தொடல சார்.”

4. முடிவு

நஸ்ரின் பெர்மனன்ட் ஆனாள். யாரையும் நிறுத்தவில்லை. அடுத்த வாரம் சுரேஷ் டீம் லீடர் ஆனார். கிளையண்டிடமிருந்து ஒரு புகாரும் வராதவர் என்று மின்னஞ்சலில் காரணம் எழுதியிருந்தது. அவர் போட்ட முதல் உத்தரவு, இனி ரிவ்யூ எல்லாம் நஸ்ரினுக்கே. அவருக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு வந்தவள் என் காதருகே, “இப்பவும் எதையும் தொடலடி” என்றாள்.

என் அப்ரைசலில் ஒரே ஒரு குறை எழுதப்பட்டது: அனுமதியின்றி ஷீட்டில் பத்தி சேர்த்தது.

புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதைத்தான் சொல்லித்தருகிறேன். யாராவது எரர் பத்தியை மட்டும் நீட்டினால், சான்ஸ் பத்தி எங்கே என்று கேளுங்கள். கேட்டதற்காக உங்கள் பெயரில் ஒரு எரர் விழும். விழட்டும். பந்தைத் தொட்டதற்கு வேறு சாட்சி இல்லை.