ராணி அக்காவின் புலம்பலை நான் அழித்த கதை

அன்று அக்கா வீட்டில் இருந்தவர்கள்: நான், புத்தூர் ராணி அக்கா, அவருடைய தம்பி சிவம். கனடாவிலிருந்து வட்ஸ்அப்பில் அக்காவின் மகள் வதனி. அவ்வளவுதான்.

அக்காவின் கணவர் காலமாகி மூன்று வாரம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறவர்கள் கையில் கல்வெட்டு கொடுக்க வேண்டுமே! கல்வெட்டு என்கிற அந்த நினைவுப் புத்தகம் மறுநாள் அச்சகத்துக்குப் போக வேண்டும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு, லப்டொப்பில் டைப் பண்ணத் தெரியும் என்று ஊரில் ஒரு பெயர்...

“ஏன் அண்ணை மெனக்கெடுறியள்? போன மாசம் வேறை வீட்டுக்கு அடிச்சது கிடக்குத்தானே. பேரை மாத்தினால் சரி” என்றார் சிவம்.

உண்மைதான். கொன்ட்ரோலோடு எச் தட்டினால் ஒரு சிறு பெட்டி வரும். பழைய பெயர், புதிய பெயர் – புத்தகம் முழுக்க ஒரே நொடியில் மாறிவிடும். மாற்றினேன். ‘மனைவி புலம்பல்’ என்று மனைவியே சொல்வதுபோல் வரும் பக்கத்தை வாசித்தும் காட்டினேன். “தேனாய்க் கதைத்தவரே, கோபம் அறியாதவரே...”

ராணி அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “உவர் ஆர் தம்பி? என்ரை மனுசன் ஒரு நாளும் தேனாய்க் கதைச்சதில்லை.”

போனில் வதனி சிரித்தாள். பிறகு அழுதாள்.

“நான் சொல்லுறன், எழுதுங்கோ” என்றார் அக்கா. “கறியிலை உப்பில்லை எண்டு ஊர் கேக்கக் கத்துவியள். கோவிச்சுக்கொண்டு படுத்தாலும் விடிய எனக்குத் தேத்தண்ணி போட்டு வைப்பியள். இனி ஆர் என்னோடை சண்டை பிடிப்பினம்?”

பழைய புலம்பலை எடுத்துவிட்டு, அக்கா சொல்லச் சொல்ல இப்படியே ஒரு பக்கம் டைப் பண்ணினேன். சொல்லி முடித்ததும் அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். இன்னொரு தரம் சொல்லுங்கோ என்று யார் கேட்பது?

எழுத்தைப் பெரிதாக்கலாமே என்று பக்கம் முழுவதையும் தெரிவு செய்தேன். விரல் தவறி ஸ்பேஸ் பாரில் பட்டது. வெறும் வெள்ளை!

கரண்ட் போய்விடுமோ என்ற பயத்தில், எதைச் செய்தாலும் உடனே சேவ் பண்ணுவது என் பழக்கம். அந்தப் பதற்றத்திலும் பண்ணிவிட்டேன். வெற்றுப் பக்கத்தைப் பத்திரமாகச் சேமித்த ஆள் நானாகத்தான் இருப்பேன். “எல்லாம் அழிஞ்சு போச்சு, சேவும் பண்ணிப்போட்டன்!” என்று கத்தினேன்.

“மூடிப்போட்டுத் திறந்து பாருங்கோ அண்ணை” என்றார் சிவம். என் கையும் மூடுகிற பொத்தானுக்குப் போனது.

“ஐயோ அங்கிள், மூடாதேங்கோ!” – வதனி. “சேவ் பண்ணினாலும் பரவாயில்லை. கொன்ட்ரோல் இசட் அமத்துங்கோ!”

அமுக்கினேன். ஒரே தட்டு... உப்பில்லாத கறி உட்பட அத்தனையும் வந்துவிட்டது.

என்னைப் போலப் பயந்த பிறவிகள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: அழிந்த பிறகு சேவ் பண்ணியிருந்தாலும், கோப்பை மூடாத வரை அநேகமாக மீட்கலாம். நம்மைக் கெடுப்பது தவறு அல்ல, அதற்குப் பிறகு வருகிற அவசரம்.

சிவம் திரையை எட்டிப் பார்த்தார். “அக்கா, உந்த உப்புக் கதையை எடுத்துவிடுவம். சனம் சிரிக்கும்.”

“சிரிக்கிறவை சிரிக்கட்டும்” என்றார் ராணி அக்கா. “அவை என்ன, அவரோடை ஒரு நாளெண்டாலும் குடும்பம் நடத்தினவையே?”