குப்பையை ஒதுக்காத கருவி

பாற்கடலில் பாம்பணை கொண்டவனே, என் கை நழுவவிட்டதை உன் கடல் அறியும்; என் சொல் நழுவாமல் காத்தருள்வாய். ஆவணித் திருவோண நன்னாளாகிய இன்று, நீராடித் துளசி சாற்றியபின் இதை எழுதத் தொடங்குகிறேன்.

அனந்தன் கோயிலை அடுத்த ஸ்ரீவராகத்தில் உள்ள எங்கள் வீட்டுப் பூஜை அலமாரியில், சாளக்கிராமத்தின் அருகே, ஓர் அலுமினிய வளையம் இருக்கிறது. குளிர்பான டின்னைத் திறக்கும்போது பிய்த்தெறிவார்களே, அந்த வளையந்தான். வருகிறவர்கள் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும். கொண்டுவந்தவர் என் அக்காவின் கணவர், அத்திம்பேர், வைத்தவன் நான்.

அத்திம்பேர் குடிநீர்க் குழாய்க் கசிவுகளைத் தேடியே உத்தியோகக் காலத்தைக் கழித்தவர். ஓய்வுபெற்றபின் பழங்காசு தேடும் ஆசை பிடித்துக்கொண்டது. மெட்டல் டிடெக்டர் வாங்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அதை அவசரமாக்கியவன் நான். ஓர் ஆடி அமாவாசையன்று சங்குமுகம் கடற்கரையில் தர்ப்பணம் செய்கையில், அப்பா அணிந்திருந்த தங்கப் பவித்திர மோதிரம் என் மெலிந்த விரலிலிருந்து கழன்று அலையோடு போயிற்று. அவர் கையிலிருந்து எனக்கு வந்தது அது ஒன்றுதான்.

தர்ப்பணம் செய்துவைத்த வாத்தியார் கையை விரித்தார். "பித்ருக்களுக்குப் போய்ச் சேந்தாச்சு ஓய். அதைத் தோண்டறது மகாபாவம்."

"எள்ளும் ஜலமும் விட்டுக் குடுத்தாத்தான் ஓய் தானம். நழுவினது தானமில்லை, தொலைஞ்சது," என்றார் அத்திம்பேர். "போன அமாவாசை வாவுக்கு உம்ம செருப்பு இங்கதானே காணாமப் போச்சு? அதுவும் பித்ருக்களுக்கோ?"

மறுநாளே கழக்கூட்டம் ஊரிலிருந்த கடைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார். கருவியைச் சோதிக்க ஈரமான கடல்மணலும் கொண்டுபோனோம். அமாவாசைக் கடலின் மணல் பிளாஸ்டிக்கில் படலாகாது என்று நான் பிடிவாதமாகப் பித்தளை அண்டாவில் அள்ளியிருந்தேன். முதல் கருவியை அருகே கொண்டுசென்றதும் அது ஓலமிட்டது. பவித்திரம் மணலோடு வந்துவிட்டதென்று எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

பாறசாலைக்காரரான கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "சாரே, அது அண்டாவையாக்கும் காட்டுது!"

சாக்கை விரித்து அதில் மணலைக் கொட்டினோம். அத்திம்பேர் தம் தங்க மோதிரத்தை மணலுக்குள் புதைத்தார். கடைக்காரர் பெரிய தட்டு பூட்டிய அந்த முதல் கருவியைப் புகழ்ந்தார்: ஆளுயர ஆழத்தில் புதையல் கிடந்தாலும் சொல்லுமாம். மோதிரத்தைப் பற்றி அது வாயே திறக்கவில்லை. விலை மலிந்த மற்றொன்று, உப்பீரமும் இரும்பு கலந்த கருமணலும் பட்டதும் காரணமின்றிப் புலம்பிற்று. நனைந்தாலும் கெடாத மூன்றாவது கருவி மட்டும் அமைதியாக மணலைக் கடந்து, மோதிரத்தின்மேல் ஒலித்தது. ஒரு சாண் தள்ளி மறுபடியும் அதே ஒலி. கிளறினால், மணலோடு வந்த அலுமினிய வளையம்.

"இந்தப் பட்டனை அமுக்கினா குப்பை ஒண்ணும் கத்தாது சாரே," என்று அமுக்கினார் கடைக்காரர். வளையம் மௌனமாயிற்று. மோதிரமும் மௌனமாயிற்று.

அத்திம்பேர் என்னைப் பார்த்தார். "குப்பைன்னு ஒதுக்கினா தங்கமும் போச்சு, கேட்டியோ? எல்லாம் கத்தட்டும். குனியறதுக்கு நமக்கு முதுகு இருக்கு." மூன்றாவதையே வாங்கினார்; அந்த அலுமினிய வளையத்தையும் மடியில் முடிந்துகொண்டார். அந்தப் பொத்தானின்மேல் ஒட்டுத்துணி ஒட்டினார்.

எத்தனையோ விடியற்காலைகள் குனிந்தார். மீன் விற்கும் அம்மாள் ஒருவரின் தாலிக்குண்டு, யாரோ ஒருவரின் மெட்டி என்று கிடைத்தவற்றையெல்லாம் உரியவரைத் தேடிக் கொடுத்தார். அப்பாவின் பவித்திரம் மட்டும் கிடைக்கவில்லை. சென்ற மாசியில் அத்திம்பேரும் போய்விட்டார்.

இவ்வாண்டு ஆடி அமாவாசைக்கு மறுநாள் அந்தக் கருவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு நான் தெருவில் இறங்கினேன். "இந்த வயசுல நீருமா ஓய்?" என்றார் வாத்தியார். "நானுந்தான்" என்று நடந்தேன். பகல் ஏறும்வரை குனிந்ததில் ஆணிகளும் மூடிகளும்தாம் கிடைத்தன. அடுத்த அமாவாசைக்கும் குனிவேன்.

அலமாரியிலிருந்து அந்த வளையத்தை எடுத்தெறியச் சொல்கிறவர்களுக்கு என் மறுமொழி இது: குப்பை என்று ஒதுக்கும் பொத்தான் அந்தப் பாம்பணையானிடம் இல்லை என்ற ஒரே நம்பிக்கையில்தான் நானும் அவன் சந்நிதியில் நிற்கிறேன். வளையமும் அங்கேயே இருக்கும்.

இதை வாசிப்போர் அனைவரும் தாம் தொலைத்ததைக் கண்டடைக. அதுவரை அவர்தம் முதுகு வளையவும் நிமிரவும் அனந்தன் அருள்க.