மேவிஸ் கேட்ட அனுமதி

மேவிஸ் என்ட்விசிலைப் பற்றி ஆல்டர்ஷாவில் யாரிடம் பேச்செடுத்தாலும் முதலில் சிரிப்பார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. பேருந்தில் யாராவது அவள் காலை மிதித்துவிட்டால் மன்னிப்புக் கேட்பது அவளாகத்தான் இருக்கும். கடையில் தன் முறை வந்த பிறகும், பின்னால் நிற்பவரிடம் "நான் போகலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் நகர்வாள். லங்காஷயர் பக்கம் மரியாதைக்குப் பஞ்சமில்லைதான், இருந்தாலும் இவளுடையது கொஞ்சம் ஓவர். முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு பரிமாறியவள். "தயவுசெய்து" சொல்லாத பிள்ளையின் தட்டில் ஒரு உருளைக்கிழங்கு விழுந்ததில்லை.

எதிர்வீட்டு நார்மன் பில்லிங் இதை வைத்தே அவளை ஓட்டுவான். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவன், தொண்டை பெரியது.

"உன்ன நாய் கடிச்சா, பல்லு வலிச்சுதா கண்ணுன்னு அதுகிட்ட கேப்படி நீ."

"அது யாரு வீட்டு நாய்ங்கறதப் பொறுத்து" என்பாள் மேவிஸ்.

இந்த மரியாதைதான் அவளை எழுபத்தேழாவது வயதில் நீதிமன்றக் கூண்டில் ஏற்றியது. கொடுமை என்னவென்றால், அவள் எந்தத் தப்பும் செய்யவில்லை.

பாபின் தெருவின் கோடியில் ஒரு புல்வெளிச் சரிவு உண்டு. தெருக்காரர்களுக்கு அது 'மேடு'. மூடிப்போன பஞ்சாலையின் கடைசி முதலாளி கெர்ஷாவுக்குச் சொந்தமான நிலம். சுற்றிலும் தாழ்வான கல்சுவர், உள்ளே போக ஒரு குறுகலான, பூட்டாத மரக்கதவு. பனிக்காலத்தில் பிள்ளைகள் தேநீர்த் தட்டுகளில் உட்கார்ந்து சறுக்குவார்கள். கோடையில் பந்து, நாய்கள், வெயில் காய்பவர்கள். நவம்பர் ஐந்தாம் தேதி, இங்கிலாந்து முழுக்க உள்ள வழக்கப்படி, ஊரே கூடி அங்கே நெருப்பு மூட்டி வாணவேடிக்கை விடும். வினிகர் ஊற்றிய கறுப்புப் பட்டாணி கோப்பை கோப்பையாகப் போகும். மேவிஸ் இஞ்சியும் பாகும் ஓட்ஸும் போட்டுச் சுட்ட பார்க்கின் கேக் தட்டில் நிற்காது.

கெர்ஷா பெரியவர் இறந்ததும் அவருடைய மருமகன் மேட்டை ஒரு வீடு கட்டும் கம்பெனிக்கு விற்றுவிட்டான். வேலி வந்தது. நார்மன் கொதித்துப்போய்க் குழு சேர்த்தான், சட்டப் புத்தகம் வாங்கினான். இருபது வருஷம் ஊர்க்காரர்கள் ஓர் இடத்தில் விளையாடித் திரிந்திருந்தால், அதைப் பொதுத் திடலாகப் பதிவு செய்யலாம். அப்புறம் அதில் யாரும் ஒரு செங்கல் வைக்க முடியாது. ஆனால் அடாவடியாகப் புகுந்திருக்கக் கூடாது, ஒளிந்து போயிருக்கக் கூடாது, உரிமையாளரிடம் அனுமதி வாங்கியிருக்கவும் கூடாது. கடைசியைக் கேட்டால் தலை சுற்றும். சொந்த இடம்போல உரிமையோடு நடந்தவனுக்குத்தான் சட்டம் உரிமை தரும். பணிவாகக் கேட்டு, அவரும் சரி என்றிருந்தால் போச்சு.

கவுன்சில் மேட்டைத் திடலாகப் பதிவு செய்தது. தெருவே குடித்துக் கொண்டாடியது. பதிவை ரத்து செய்யச் சொல்லி கம்பெனி மான்செஸ்டரில் உயர்நீதிமன்றத்துக்குப் போனது. நாற்பது பேருக்கு நார்மனே உட்கார்ந்து சாட்சி வாக்குமூலம் தயார் செய்தான். மேவிஸ், அவன் டீ ஆறிவிடுமே என்ற கவலையில், படிக்காமலே கையெழுத்துப் போட்டாள்.

சாட்சி சொல்லப் போகும் அன்று காலை, ரயிலில்தான் அதைப் படித்தாள். இரண்டாம் பக்கத்தில் இப்படி இருந்தது: 'மேட்டைப் பயன்படுத்த நான் ஒருபோதும் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை.'

"நார்மன், இது தப்பு. நான் கேட்டிருக்கேனே."

"என்னத்தக் கேட்ட?"

"அனுமதிதான். கெர்ஷாகிட்ட. வருஷா வருஷம் நெருப்பு மூட்டறதுக்கு முன்னாடி."

நார்மன் பெட்டியைச் சுற்றிப் பார்த்தான். அவ்வளவு பெரிய தொண்டை சட்டென்று உள்ளே போய்விட்டது.

"வாயாலயா, எழுதியா?"

"எழுதிதான். அவரும் பதில் போட்டாரு. இருவத்தாறு லெட்டர் இருக்கு, என் தையல் பெட்டியில."

"அட கடவுளே!" நார்மன் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தான். "எந்தப் புண்ணியவதி தன் தெரு மேட்டுக்குத் தானே பர்மிஷன் கேப்பா? இங்க பாரு. அந்த ஆளு செத்தாச்சு. வேற ஒருத்தருக்கும் தெரியாது. கேட்டா, ஞாபகம் இல்லன்னு சொல்லு. உன் வயசுக்கு யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க."

"உனக்கும் அதே வயசுதான்" என்றாள் மேவிஸ்.

ஜன்னலுக்கு வெளியே ஈரமான கூரைகள் ஓடின. அவள் மனம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்குக்குப் போய்விட்டது. அவள் கணவன் டெரிக் பழைய கதவுகளையும் உடைந்த பெட்டிகளையும் மேட்டில் அடுக்கிக்கொண்டிருந்தான். அந்த அழகன், சட்டையெல்லாம் கரி. "அடுத்தவங்க நிலத்துல தீ மூட்டறோம், ஒரு வார்த்த கேக்க வேணாமா?" என்று இவள் சொன்னதற்கு, "இத்தன வருஷத்துல எவன்டி கேட்டான்!" என்று விழுந்து விழுந்து சிரித்தான். இவள் கேட்டாள். 'மூட்டலாம். கெர்ஷா' என்று ஒரு வரி வந்தது. நன்றிக்கு இரண்டு துண்டு பார்க்கினைக் காகிதத்தில் சுற்றி அனுப்பினாள். அதிலிருந்து ஒரு வருஷம்கூடத் தப்பியதில்லை. தபால்காரன் அந்த உறையைக் கொண்டுவரும் நாள் அவளுக்கு நவம்பரின் தொடக்கம். என்ன அருமையான வருஷங்கள் அவை! டெரிக் இருந்தான், முழங்கால் இருந்தது, தெருவில் எல்லார் வீட்டுக் கதவும் திறந்தே கிடந்தது.

நீதிமன்றத்தில் பைபிளைத் தொட்டுச் சத்தியம் செய்தாள். உட்காரச் சொன்ன பிறகும் "உக்காரலாமா?" என்று நீதிபதியைக் கேட்டாள். அவர் புன்னகைத்தார். கம்பெனிக்காக வந்த வக்கீல் மிஸ் லாக்வுட் சின்னப் பெண், குரல் மென்மையாக இருந்தது. இந்தப் பெண் தன் பள்ளிக்கூடத்தில் சாப்பிட்டிருந்தால் தட்டு நன்றாக நிறைந்திருக்கும் என்று மேவிஸ் நினைத்தாள்.

"மிஸஸ் என்ட்விசில், நெருப்பு மூட்டுறது பெரிய காரியம். அதுக்கு யாராவது மிஸ்டர் கெர்ஷாகிட்ட அனுமதி கேட்டாங்களா?"

நார்மன் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான். தெருக்காரர்கள் முப்பது பேர் பின்னால் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். 'ஞாபகம் இல்லை' என்ற சொல் மேவிஸின் நாக்கு நுனி வரை வந்தது. மேட்டை அவள் அவர்களைவிடக் குறைவாகவா நேசித்தாள்? ஆனால் அந்த இருபத்தாறு நவம்பரையும் ஞாபகம் இல்லை என்று சொல்வதா? அவளிடம் மிச்சம் இருந்ததே அந்த ஞாபகம்தான்.

"கேட்டோம்ங்க. நான்தான் கேட்டேன். இருவத்தாறு தடவ."

பின்வரிசையில் யாரோ "போச்சுடா!" என்றார்கள்.

மறுநாள் கடிதங்களோடு வரச் சொன்னார் நீதிபதி. வந்தாள். கூண்டில் நின்று, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, ஒவ்வொன்றாகப் படித்தாள்.

எண்பத்தைந்து: 'மூட்டலாம். பார்க்கின் நன்று. பாகு கொஞ்சம் குறைவு.'

தொண்ணூறு: 'மூட்டலாம். ராக்கெட்டுகளை என் வீட்டுப் பக்கம் திருப்ப வேண்டாம். நாய்க்குப் பயம். எனக்கும்.'

நீதிமன்றமே சிரித்தது. மிஸ் லாக்வுட்டும் சிரித்தாள்.

தொண்ணூற்று மூன்று, டெரிக் இறந்த வருஷம்: 'மூட்டலாம். இந்த ஆண்டு விறகை என் ஆட்கள் கொண்டுவந்து இறக்குவார்கள். நீங்கள் சுமக்க வேண்டாம்.' இதைப் படிக்கும்போது அவள் குரல் ஒரு தடவை நின்றது. பின்வரிசையில் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது.

தொண்ணூற்று எட்டு. எடுத்த பிறகுதான் எந்தக் கடிதம் என்று அவளுக்கு உறைத்தது. நீதிபதியை நிமிர்ந்து பார்த்தாள். "படிங்கம்மா" என்றார் அவர்.

'மூட்டலாம். மேட்டுக் கதவை இரண்டடி அகலப்படுத்தச் சொல்லியிருக்கிறேன். திருமதி பில்லிங்கின் சக்கர நாற்காலி உள்ளே வர வேண்டும். அவர் கணவரிடம் சொல்ல வேண்டாம். அவர் என் கையால் தண்ணீர்கூட வாங்கமாட்டார்.'

வேலைநிறுத்தத்தில் நின்ற நார்மனின் அப்பாவை ஆலையிலிருந்து விரட்டியவர் இந்தக் கெர்ஷா. ஊரில் எல்லாருக்கும் தெரிந்த கதை அது. அவருடைய சாவுக்குக்கூட நார்மன் போகவில்லை. மேவிஸ் கடிதத்தைக் கீழே வைத்து, "மன்னிச்சுக்கோ நார்மன்" என்றாள். நார்மன் எழுந்து வெளியே போய்விட்டான்.

ஆறு வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. பதிவு ரத்து. உள்ளூர்ப் பத்திரிகை 'பார்க்கின் கொடுத்தாள், திடல் போனது' என்று தலைப்புப் போட்டது. கடையில் ஒருத்தி "ரொம்ப நன்றி மேவிஸ்" என்று வெட்டினாற்போல் சொல்லிவிட்டுப் போனாள். எப்போதும் கையசைப்பவர்கள் பாதிப் பேர் திரை இழுத்துக்கொண்டார்கள். அவள் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்து அழுதாள். மேட்டுக்காகவும் அழுதாள், மனிதர்களுக்காகவும் அழுதாள்.

வழக்கு நாளிலிருந்து நார்மன் அவள் வாசல் மிதிக்கவில்லை. தீர்ப்பு வந்து மூன்றாம் நாள் மத்தியானம் கதவு தட்டப்பட்டது. கையில் தாள்களோடு நின்றான். சமையலறையில் வந்து உட்கார்ந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தான்.

"'திருமதி என்ட்விசில் முற்றிலும் நம்பத்தக்க சாட்சி. மற்றவர்கள் சொன்னதைவிட அவர் சொன்னதையே நான் ஏற்கிறேன்.' ஜட்ஜு எழுதியிருக்காரு. நாப்பதாவது பத்தி. அந்தப் பத்தியாலதான் தோத்தோம்."

"நான் பொய் சொல்லியிருந்தா மேடு நமக்கு."

"ஆமா."

"சண்ட போட வந்தியா நார்மன்?"

"அப்படித்தான் கெளம்பினேன்." அவன் தாள்களை மடித்தான். மேசையைப் பார்த்தே பேசினான். "அந்தக் கதவ கவுன்சில்தான் அகலமாக்குச்சுன்னு இத்தன வருஷமா நெனச்சிருந்தேன். என் ஐரீன் சாகறதுக்கு முன்னாடி அஞ்சு நவம்பர் அந்த வழியாத்தான் தள்ளிட்டுப் போனேன். நெருப்பு வெளிச்சத்துல அவ மூஞ்சி..." நிறுத்திவிட்டான். "அந்த ஒரு லெட்டர் மட்டும் எனக்குத் தருவியா?"

மேவிஸ் தையல் பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள். அவன் இரண்டு தடவை படித்தான், உதடு அசைய.

"பாவம் ஐரீன். அவளுக்குக்கூடத் தெரியாமப் போச்சே."

"அவளுக்குத் தெரியும், நார்மன். அந்த வருஷம் கெர்ஷாவுக்குப் பார்க்கின் கொண்டுபோனதே அவதான். மடியில வச்சுக்கிட்டா, நான் நாற்காலியத் தள்ளிட்டுப் போனேன். அரை மணி நேரம் ரெண்டு பேரும் பேசிட்டிருந்தாங்க."

நார்மன் தலை தூக்கினான். கண் சிவந்திருந்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே அவ."

மேவிஸ் அவனுடைய கோப்பையில் டீயை ஊற்றினாள்.

"நீ யாரையும் எதையும் கேட்டதே இல்லையே, நார்மன்."