தோணிக்குப் பாய் தைத்த மேரியக்கா

எங்கள் ஊர்க் கைவினைக் கண்காட்சியை நடத்தியவர் ஆள் பார்த்துத்தான் பெயர் போட்டார்.

நான் நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அந்தக் காலத்தில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப்போன பாய்மரத் தோணியின் மாதிரியை, பழைய தேக்குக் கதவை அறுத்து, இரண்டு வருடமாகச் செய்தேன். ஒரு நாள் கம்பெனிக்குக் கொண்டுபோனேன். தைத்த பனியனைச் சரிபார்க்கும் செக்கிங்கில் இருக்கும் தூத்துக்குடி மேரியக்கா பாயை விரலால் இழுத்துப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன மாஸ்டர், தோணிக்குப் பனியன் போட்டுருக்கீய? இழுத்தா நீளுத துணி காத்த எப்படிப் பிடிக்கும்?"

"நீங்க பீஸப் பாருங்க. தோணிய நான் பாத்துக்கறேனுங்க," என்றேன்.

"எங்கப்பா தோணிக்குப் பாய் தச்சவருல்லா."

அதன்பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மறுநாள் நானே போய்ப் பாய் தைத்துத் தரக் கேட்டேன். சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து, காடாத்துணியில் எல்லாப் பாயையும் அவரே தைத்துக் கட்டினார்.

கண்காட்சிக்குத் தோணியோடு எங்கள் இரண்டு பெயரையும் எழுதிக் கொடுத்தேன். தோணிக்கு முன்னால் வைத்த அட்டையில் என் பெயர் மட்டும் இருந்தது. கேட்டதற்கு, "செக்கிங் பொம்பள பேரெல்லாம் எதுக்குங்க?" என்றார் நடத்தியவர். நான் வாயை மூடிக்கொண்டு மேடையேறிப் பரிசு வாங்கினேன். கீழே மேரியக்கா கைதட்டினார். இன்றுவரை அவர் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை.

என் தப்பை எழுதிவிட்டேன். கண்காட்சி நடத்திய ஐயா, நீங்கள் அந்தப் பெயரை ஏன் எடுத்தீர்கள்? அதே மேடையில் ஏறி, ஊர் கேட்கப் பதில் சொல்லுங்கள்.